ஐந்தை நான்காக்கும் நேர்த்தி

கடந்த பெப்ரவரியில் தவில் வித்துவான் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். முப்பது வருடங்களுக்கு மேலாக எனக்குப் பழக்கமானவர். அவருடைய கோஷ்டியின் மேளச் சமாவைக் கேட்பதற்காகவே கோயில் வீதி மணலில் விடியும்வரை இருந்திருக்கிறேன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் அவரைப் பற்றி இரண்டு தடவைகள் எழுதியுமுள்ளேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கும் வெளியிடவில்லை. கையில் ஓர் இறுவட்டை வைத்திருந்தார். கிராமத்து அம்மன் கோயிலொன்றின் மீது பாடப்பட்ட பக்திப் பாடல்கள் அடங்கியது.

"அண்ணை, நான் ஒரு மணித்தியாலம்தான் வாசிச்சனான். இதிலை ஒன்பது பாட்டிலையும் நான் வாசிக்கிறன். எப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார்.

வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். இருவரும் அமர்ந்து கேட்டோம். இரண்டாவது பாடல் முடிவதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. நான்கு ஆவர்த்தனங்களுக்கு ஒரு தடவை வலந்தலையில் அதே வீச்சு, அதே இடத்தில், அதே உரப்பில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாடலிலும் அதுவே. ஐந்தாவது பாடலில் வேகம் சற்றுக் கூடியிருந்தது. வாசிப்பு மாறவில்லை. ஒரு மனிதன் ஒன்பது பாடல்களிலும் ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருப்பதைப் போல ஒருவித திகில் ஏற்பட்டது.

ஆனால் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தது அதுவன்று. கடைசிப் பாடலின் முடிவில் ஒரு தீர்மானம் வருகிறது. அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார். விரல்விட்டு எண்ணினார். "தகதகிட எண்டு அஞ்சு, அண்ணை. இதிலை நாலுதான் கேக்குது. நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

அறுபது வயதைக் கடந்த ஒருவர், சிறு வயதிலிருந்து அதே கையால் சோறு உண்டவர், தன் கையையே சந்தேகிக்கிறார். அவருடைய கை பிழைக்கவில்லை. பிழைத்தது எது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன். இசை அறிவில் நான் வெறும் ரசிகன். ஆயினும் பிறர் எழுதியதைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு பல்லாண்டுகள் துணை ஆசிரியர் மேசையில் இருந்தவன் என்ற வகையில், திருத்தம் என்ற பெயரில் செய்யப்படும் அட்டூழியங்களை அடையாளம் காண எனக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றோம். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். மரியாதையானவர். எதையும் மறைக்கவில்லை. கணினியைத் திறந்து தான் செய்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார். "ஐயா, வாசிப்பு அங்கையும் இங்கையுமாக் கொஞ்சம் இழுபட்டுக் கிடந்தது. நேராக்கிவிட்டனான். எல்லாரும் செய்யிறதுதான்" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. 'எல்லாரும் செய்யிறது' என்ற அந்த வாக்கியத்தின் மீதுதான் கோபம்.

இந்த நேராக்கல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நல்லது. வாத்தியம் கணினியில் பதிவாகும்போது ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு கூர்மையான மேடாகத் தெரியும். அதற்குப் பின்னால் பாடலின் வேகத்துக்கேற்பச் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். மென்பொருள் அம்மேடுகளைத் தானாகவே கண்டுபிடித்து, ஒவ்வொரு மேட்டின் தொடக்கத்திலும் ஒலியை வெட்டி, துண்டுகளை மிகக் கிட்டிய கோட்டுக்கு நகர்த்தும். நகர்த்தியதால் ஏற்படும் வெற்றிடத்தை முன் துண்டின் வாலை இழுத்து நிரப்பும். வெட்டுக்காயம் தெரியாதிருக்க இரு துண்டுகளின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கரைக்கும். 'புரோ ரூல்ஸ்' என்ற மென்பொருளில் இதற்குரிய கருவிக்குத் துப்பறிவாளன் என்று பொருள்படும் 'பீற் டிடெக்டிவ்' என்ற பெயரையே சூட்டியிருக்கிறார்கள். குற்றவாளி யார் என்பது துப்பறிய முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. கோட்டில் நில்லாதவன் எவனோ அவனே.

மேலைநாட்டு ட்ரம்ஸ் வாத்தியத்துக்கு எட்டுப் பத்து ஒலிவாங்கிகள் வைப்பார்கள். ஒலி ஒரு மீற்றர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கிறது. ஆகவே மேலே தொங்கும் ஒலிவாங்கிக்கு அடி சற்றுப் பிந்தியே வந்து சேரும். எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கட்டி வெட்டாவிட்டால் ஒலி பொள்ளலாகிவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதனை அறிந்து செய்யும் தேர்ந்தவர்கள் உள்ளனர். அவர்கள் காதால் கேட்டு, உண்மையாகவே சறுக்கிய அடியை மட்டும் நகர்த்துவார்கள். நகர்த்தலை முழுமையாக அன்றி நூற்றுக்கு இவ்வளவு என்ற அளவில் செய்யும் வசதியும் மென்பொருளில் உண்டு. நம்மவர்கள் அந்த அளவை நூற்றுக்கு நூறில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றுவிடுகிறார்கள்.

இப்போது அந்தத் தகதகிடவுக்கு வருவோம். பாடலின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டுகள். எனவே ஒரு தட்டின் நீளம் 600 மில்லிசெக்கன். மென்பொருள் வழமையாக ஒரு தட்டை நான்காகவே பிரிக்கும். கோடுகள் 0, 150, 300, 450 என்ற இடங்களில் நிற்கும். வித்துவான் வாசித்ததோ கண்ட நடை. தட்டுக்கு ஐந்து சொற்கள். அவை விழும் இடங்கள் 0, 120, 240, 360, 480. இவற்றைக் கிட்டிய கோட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். 120 என்பது 150க்குப் போகிறது. 480 என்பது 450க்குப் போகிறது. 240இலிருந்து 300 கிட்ட. 360இலிருந்தும் 300 தான் கிட்ட. இரண்டு சொற்கள் ஒரே கோட்டில் வந்து மோதுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்று மறைந்துபோகிறது. தகதகிட போய்த் தகதிமி வந்துவிட்டது. கண்டம் சதுச்சிரமாயிற்று. ஐந்து நான்காயிற்று. கணக்கு இவ்வளவுதான்.

இதற்கு மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. கோடுகளை ஐந்தாகப் பிரிக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. தெரிவு செய்ய வேண்டியவர், தெரிவு செய்ய ஒன்று இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த இளைஞர் கண்ட நடையைக் கேள்விப்பட்டதில்லை. அருகே வாசித்தவர் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனெனில் திரையில் வளைந்து தெரிந்தது. திரையில் வளைந்து தெரிவது பிழை என்று அவருக்குப் படிப்பிக்கப்பட்டிருக்கிறது.

என் தொழிலில் இத்தகையவர்களைக் கண்டிருக்கிறேன். கிராமத்து நிருபர் ஒருவர், மீன்பிடித் துறையில் பாவிக்கப்படும் சொல்லொன்றை அப்படியே எழுதி அனுப்புவார். மேசையில் இருக்கும் புதியவர் அகராதியில் அதனைக் காணாமல், தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடுவார். வசனம் அழகாகத்தான் இருக்கும். கடலுக்குப் போகிறவன் வாசித்துவிட்டுச் சிரிப்பான். செப்பனிடுதல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. செப்பனிடாத பத்திரிகையை மனிதர் வாசிக்க முடியாது. வானொலி நிலையங்களில் ஒலிநாடாவைச் சவர அலகால் சாய்வாக வெட்டி ஒட்டிய காலத்தையும் பார்த்தவன் நான். அன்று ஒரு வெட்டுக்கு நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, மூன்று நான்கு தடவைகள் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே காவலாக இருந்தது. இன்று கேளாமலே வெட்டலாம் என்பதுதான் வந்த வினை.

"கேட்பவனுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை" என்று சொல்கிறார்கள். என் வீட்டு முன்னறையில் ஒருவருக்குத் தெரிந்ததே! அவரை விட்டுவிடுவோம். ஹொல்கர் ஹென்னிக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனிதர் தாளம் வாசிக்கையில் ஏற்படும் மில்லிசெக்கன் விலகல்கள் தாறுமாறானவை அல்ல, நெடுந்தூரம் ஒன்றையொன்று தொடர்ந்து செல்பவை என்பது அதில் வெளிப்பட்டது. அத்தகைய விலகலையும் இயந்திரம் கண்டபடி தூவிய விலகலையும் கேட்கக் கொடுத்தபோது, மனித விலகலையே கேட்டவர்கள் விரும்பினர். 2015இல் பின்லாந்து ஆய்வாளர்கள், ஜெஃப் போர்க்காரோ என்ற புகழ்பெற்ற அமெரிக்க ட்ரம்ஸ் கலைஞர் 1982இல் வெளியான மைக்கல் மக்டொனால்டின் பாடலொன்றில் வாசித்ததை அடி அடியாக அளந்தார்கள். அங்கும் அதே கதைதான். முன்னே ஓடியது பின்னே தங்கி ஈடுகட்டப்படுகிறது. நடந்து செல்பவனின் கால் தடங்களைப் போல ஒவ்வொன்றும் முந்தியதை நினைவில் வைத்திருக்கிறது. கோட்டில் ஏற்றப்பட்டவுடன் அழிவது இந்த நினைவு.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். எந்த மென்பொருள் விலகலை அழிக்கிறதோ அதே மென்பொருளில், அழிந்ததைத் திருப்பிப் போடவும் ஒரு வசதி உண்டு. 'ஹியூமனைஸ்' என்று பெயர். மனிதத்தன்மையூட்டல் என்று சொல்லலாம். நல்ல கலைஞரின் வாசிப்பிலிருந்து விலகல்களைப் பிரதியெடுத்து, நேராக்கப்பட்ட வேறொன்றின் மீது அச்சுக் குத்தவும் முடியும். முன்னர் சொன்ன அந்தத் துப்பறிவாளனுக்கே இவ்வேலையும் தெரியும்! வீட்டிலிருந்த கிழவியைத் துரத்திவிட்டுச் சந்தையில் கிழவியின் கைமணத்தைப் போத்தலில் வாங்குவதற்கு ஒப்பானது இது.

சுற்றுத் துண்டு என்று நான் சொல்லப்போகும் 'லூப்' விடயத்தில் இந்த முரண் இன்னும் பச்சையாகத் தெரியும். நல்ல வாசிப்பொன்றில் இரண்டு அல்லது நான்கு ஆவர்த்தனங்களை வெட்டியெடுத்து முடிவையும் தொடக்கத்தையும் பொருத்திவிட்டால் அது ஓயாமல் சுற்றும். 1994இல் ரீசைக்கிள், 1998இல் அசிட், 2001இல் ஏபிள்ரன் லைவ் என ஒவ்வொரு மென்பொருளாக வர, அத்துண்டை எந்த வேகத்துக்கும் இழுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. என் நண்பரின் நான்கு ஆவர்த்தனங்கள் ஒன்பது பாடல்களாகியது இப்படித்தான்.

உலகில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட சுற்றுத் துண்டுகளில் ஒன்று, 1969இல் த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டிலிருந்து வந்தது. அது இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்பப் போடப்பட்டது. நடுவில் மற்றவர்கள் நிறுத்த, கிரெகரி கோல்மன் தனியாக நான்கு ஆவர்த்தனங்கள் வாசிக்கிறார். ஆறேழு செக்கன்கள்தான். முதல் இரண்டும் சாதாரணமானவை. மூன்றாவதில் ஓர் அடியைத் தாமதிக்கிறார். நான்காவதில் முதல் தட்டையே வெறுமையாக விட்டு, பின்னர் கைத்தாளத் தட்டை எதிர்பாராத முன்னிடத்தில் அடிக்கிறார். அந்தத் தடுமாற்றம் போன்ற தடுமாறாமைக்காகத்தான் இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற முழு இசைவகையே அதன் மீது கட்டப்பட்டது. இன்றைய நேராக்குபவர் ஒருவரிடம் 1969இல் அகப்பட்டிருந்தால் அது எவருக்கும் வேண்டாத நான்கு ஆவர்த்தனங்களாக முடிந்திருக்கும்.

கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். அந்த ஆறேழு செக்கன்களுக்காக அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2015இல் பிரித்தானிய இசை ஆர்வலர்கள் 24,000 பவுண் அளவில் திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். வாசித்தவர் இறந்து அப்போது ஒன்பது வருடங்கள். ஜேம்ஸ் பிறவுணின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாடலில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் வேறல்ல. பாட்டின் பெயரே ட்ரம்ஸ்காரனைக் குறித்தது. உரிமைப் பணம் அவனிடம் வரவில்லை. 2017இல் அவரும் போனார்.

சுற்றுத் துண்டே பாவம் என்று வாதிடும் மூடத்தனம் எனக்கில்லை. 1977இல் பீ ஜீஸ் குழுவினர் பிரான்சில் 'ஸ்டேயிங் அலைவ்' பாடலைப் பதிவு செய்தபோது, ட்ரம்ஸ் கலைஞர் டெனிஸ் பிறையன் குடும்பத் துயரொன்றின் காரணமாக ஊருக்குப் போக நேர்ந்தது. அவர் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' பாடலுக்கு வாசித்திருந்ததிலிருந்து சிறு பகுதியை நாடாவில் வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். அதுவும் சுற்றுத் துண்டுதான். ஆனால் காதால் தேடியெடுத்த துண்டு. உள்ளே மனிதனின் ஆட்டம் அப்படியே இருந்தது. வாசித்தவர் பெயராக 'பேர்னார்ட் லூப்' என்ற கற்பனைப் பெயரையும் விளையாட்டாக அச்சிட்டார்கள். அந்த மனிதரைத் தங்கள் பதிவுக்கு அமர்த்த வேண்டும் என்று கேட்டு வந்தவர்களும் இருந்தார்களாம். நமது அம்மன் பாடல் இறுவட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். பாடகர், பாடலாசிரியர், வெளியீட்டுக்கு உதவியோர், அவர்களது கடைகளின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் உள்ளன. தவில் என்ற சொல்லே இல்லை. அங்கே இல்லாத மனிதனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இங்கே இருந்த மனிதனுக்கு இருந்த பெயரையும் போடவில்லை.

இயந்திரத்தை எதிர்ப்பதாகவும் என்னைக் கருத வேண்டாம். டெட்ரோயிட் நகரின் ஜே டில்லா, 2006இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தவர், இதே பெட்டிகளைக் கொண்டே அடிகளைக் கோட்டிலிருந்து வேண்டுமென்று விலக்கி வைத்தார். அவர் பாவித்த இயந்திரம் இன்று வொஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெட்டி எல்லோரிடமும் ஒன்றுதான்.

'இறுக்கமாக இருக்க வேண்டும்' என்பதுதான் இத்துறையினரின் மந்திரம். தவிலை இறுக்குவது எனக்குத் தெரியும். வார் பிடித்த காலத்தில் அதற்கு இரண்டு பேரின் உடல் பலம் வேண்டும். இப்போது இரும்பு வளையமும் திருகாணியும் வந்து சுலபமாகிவிட்டன. தோலை இறுக்கிய பின்னர் விரற்கூட்டால் ஒரு தடவை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, போதும் என்று வித்துவான் தீர்மானிப்பார். எவ்வளவு இறுக்கம் என்பதை வாசிப்பவரே முடிவு செய்தார். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்புகள் சில பழைய நாடாக்களில் எஞ்சியிருக்கின்றன. இரைச்சலோடுதான் இருக்கின்றன. நாகஸ்வரத்தோடு சேர்ந்து விரைந்தும் தங்கியும் போகின்றன. அவற்றை யாரும் நேராக்கிவிடவில்லை என்பதற்காக அந்த இரைச்சலுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

பணத்துக்கு வருவோம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவருக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள். ஒன்பது பாடல்களுக்கு வாசிக்க அழைத்திருந்தால் இரண்டு நாட்கள் வேண்டும். கூலியும் அதற்கேற்ப இருந்திருக்கும். மற்றவர்களுக்கும் தன் துண்டு கொடுக்கப்படுமோ என்று அவர் கேட்டதற்கு அந்த இளைஞர் நேர்மையாகவே பதில் சொன்னார்: "கணினியிலை கிடக்கு, ஐயா. தேவையெண்டால் எடுப்பம்." அதாவது வரும் திருவிழாக் காலத்துக்கு அவர் தேவையில்லை. அவரைக் கொண்டே அவருடைய இடம் நிரப்பப்பட்டுவிட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நிகழ்த்துனரின் உரிமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதனை நீட்டிப் பேசுவதற்கு முதலில் ஒரு காகிதமாவது வேண்டும். எத்தனை பாடல்களுக்கு, எவ்வளவு காலத்துக்கு, வேறு வெளியீடுகளுக்கும் உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு வாங்குங்கள் என்று அவரிடம் சொன்னேன். இனி ஒலிப்பதிவுக்குச் செல்லும் ஒவ்வொரு தவில், மிருதங்க, உடுக்கு, பறைக் கலைஞருக்கும் இதையே சொல்கிறேன். கூச்சப்படாதீர்கள். மண்டபத்துக்கும் பந்தலுக்கும் எழுதி வாங்குகிறவர்கள் உங்களுக்கும் எழுதித் தரலாம்.

இம்மென்பொருட்களில் ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவு வெட்டினாலும் மூலப் பதிவு கோப்புறையில் அப்படியே கிடக்கும். திரையில் நகர்வது அதன் நிழல்தான். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த இளைஞர் மூலத்தை எடுத்து ஓடவிட்டார். கடைசித் தீர்மானம் வந்தது. தகதகிட, தகதகிட, தகதகிட. ஐந்தும் இருந்தன. வித்துவான் ஒன்றும் பேசவில்லை. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இளைஞர் இன்னொரு தடவை ஓடவிட்டார், இம்முறை யாரும் கேட்காமலே. மூன்றாவது தடவை, விரலால் மேசையில் தட்டி எண்ணிப் பார்த்தார்.

"யூரியூப்பிலை போட்டதை எடுத்துப்போட்டு இதைப் போட்டுவிடுறன், ஐயா. இறுவட்டு அடிச்சது அடிச்சதுதான். காசுக் கதையெண்டால் நீங்கள் முதலாளியோடைதான் கதைக்கவேணும்" என்றார்.

யூரியூப்பில் மாற்றப்பட்டுவிட்டது, கேட்டேன். முதலாளியோடு மூன்று தடவைகள் கதைத்தாயிற்று. கடைசியாகக் கதைத்தபோது, தவிலை யார் வாசித்தது என்று என்னிடமே கேட்டார்.